புதன்கிழமை அறையைப் பூட்டாதீர்கள்

ஆண்டுக்கொரு முறை கூடும் இந்த அவைக்குத் தலைமை தாங்கி, அவரவர் பேசுவதையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஆலயத் தலைவர் திரு. சதாசிவம் அவர்களே, அவருக்கு இருபுறமும் அணிசெய்து அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுவினரே, முந்திவந்து முதல் வரிசையைப் பிடித்திருக்கும் மூத்தவர்களே, நம் மாசாய் ஊரின் மாடி வீடுகளிலிருந்து படியிறங்கி, பாதிச் சமையலை அப்படியே மூடி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வேலைக்குப் போகுமுன் சீருடையோடு வந்து நிற்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று கதவருகே தயங்கி நிற்கும் என் புதன்கிழமைப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பேச்சியம்மாளின் பணிவான வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பால்வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் காட்டுக்குப் போனவள். என் சொல்லில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் பொருளில் பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம்; எழுந்து கேளுங்கள்.

இன்றைய நிரலில் ஏழாவது பொருள் என்ன? நம் மண்டபத்தின் பின்னறையை, மனநோயிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டு வருகிறவர்கள் புதன்கிழமை மாலைகளில் கூடுவதற்குத் தொடர்ந்து கொடுக்கலாமா, பூட்டிவிடலாமா என்பது. பூட்டச் சொல்லி முப்பத்தொரு பேர் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து கண்ணையா தம்பியுடையது. தலையைக் குனிய வேண்டாம் தம்பி, நான் சண்டைக்கு வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடிதம் என் வீட்டுக்கு வந்திருந்தால், உங்களுக்கு மேலே என் பெயர்தான் இருந்திருக்கும்.

பூட்டினால் யாருக்கு நட்டம்? என் பேரன் ரூபேந்திரனுக்கு நட்டம். ஆம், பெயரைச் சொல்லித்தான் சொல்கிறேன். அவனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "சொல்லுங்க பாட்டி. ஆனா கூட்டிச் சொல்லாதீங்க, கொறச்சும் சொல்லாதீங்க" என்றான். அப்படியே சொல்கிறேன்.

அவன் இருபத்து மூன்று வயதில் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தான். இருட்டில் புறப்பாடு, இருட்டில் திரும்பல், இடையில் இரண்டு ஷிப்ட். கண் விழிக்க ஒரு கூட்டாளி ஷாபு என்கிற அந்தப் போதைப்பொருளைக் கையில் வைத்தான். கண் விழித்தது. பிறகு மூடவே இல்லை. யாரும் பேசாத வீட்டில் அவன் காதுக்கு மட்டும் குரல்கள் கேட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருத்துவர்கள் நோய்க்குப் பெயர் சொன்னார்கள், மருந்து கொடுத்தார்கள். காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, மாலையில் பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமான ஒரு குளிகை. எட்டு மாதம் தவறாமல் விழுங்கினான். மந்தமாக இருந்தான், ஆனால் இருந்தான். ஷாபுவைத் தொடவில்லை.

அவன் தாய், என் மகள் வாசுகி, கடலுக்கு அப்பால் சிங்கப்பூரிலேயே தங்கி வேலை செய்து வாரம் ஒருமுறை வருகிறவள். மாத்திரைக்குப் பொறுப்பு நான். நன்றாகக் கேளுங்கள், பொறுப்பு நான்.

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டோம். நாற்பத்தெட்டு நாள் விரதம். மஞ்சள் வேட்டி, தரையில் படுக்கை, சைவச் சாப்பாடு. விரதம் தொடங்கி இரண்டாம் நாள், மளிகைக் கடையில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தக் குளிகை மேல்தோல் இருக்கு பாருங்க, அது மாட்டுத்தோல்ல செய்றதாம்லா."

தாய்மார்களே, எனக்குத் தலையில் இடி இறங்கியது. விரதம் இருக்கும் பிள்ளையின் வாயில் நானே மாட்டுத்தோலைப் போடுகிறேனா? முருகன் சந்நிதிக்குப் போகிற உடம்புக்குள் இதுவா? வீட்டுக்கு வந்தேன். குளிகையை நிறுத்தினேன். குளிகையே கூடாது என்றால் மாத்திரை மட்டும் எதற்கு என்று அதையும் நிறுத்தினேன். இரண்டையும் ஒரு மைலோ டின்னில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்து மூடினேன். "பாட்டி, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாமே" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முருகன விட பெரிய டாக்டரா?" என்றேன். பக்தி பேசுகிறதென்று நினைத்தேன். பயம் பேசியது, வெட்கம் பேசியது.

முதல் வாரம் என்ன ஆயிற்று? அங்கம்மா அக்காவுக்கு நினைவிருக்கும். பையன் தெளிந்துவிட்டான். முகம் மலர்ந்தது, பேச்சு வந்தது, பஜனையில் உரக்கப் பாடினான். "பாத்தியா அக்கா, விரதத்துல எம்பேரன் முகம் எப்படி மின்னுது" என்று நான் இந்த மண்டபத்திலேயே மார்தட்டினேன். அக்கா தலையாட்டுகிறார். மறக்கவில்லை.

மூன்றாம் வாரம் தூக்கம் போயிற்று. நான்காம் வாரம் வானொலி தன் பெயரைச் சொல்கிறது என்று அதன் மேல் துண்டைப் போட்டு மூடினான். விரத காலத்தில் முருகன் சோதிக்கிறான் என்று நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் காலை, மஞ்சள் வேட்டியோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. இரண்டு நாள். காவல் நிலையம், ஆஸ்பத்திரி, பாலத்தடி, பேருந்து நிலையம் என்று வாசுகியும் நானும் அலைந்தோம்.

அவன் அகப்பட்டது எங்கே? காஹாங்கில். அங்கே நான் பால் வெட்டிய தோட்டத்தைப் பற்றி அவனுக்குச் சிறுவயதில் சொல்லியிருக்கிறேன். குரல்கள் அங்கே வராது என்று நினைத்துப் போயிருக்கிறான். போன இடத்தில் ரப்பரும் இல்லை, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளும் இல்லை, கண்ணுக்கெட்டியவரை எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. குரலை அடக்க வழியில் மறுபடியும் ஷாபு வாங்கியிருக்கிறான். எண்ணெய் தீர்ந்த வண்டியைப் பேருந்து நிறுத்தத்தில் சாய்த்துவிட்டு, மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக உட்கார்ந்திருக்கிறான். போகிறவர்களில் ஒருவர் சாமி என்று கும்பிட்டாராம். இன்னொருவர் பைத்தியம் என்று விலகினாராம்.

மூன்றாவதாக வந்தவர் செம்பனை லோரி ஓட்டும் வீரமுத்து. இருபது ஆண்டு குடித்துவிட்டு, ஆறு ஆண்டாகக் குடியை விட்டு நிற்கிறவர். கதவருகே வெள்ளைச் சட்டையில் நிற்கிறாரே, அவர்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் வீரமுத்து, காட்டிக்கொடுத்துவிட்டேன். சிரிக்கிறார், கோபமில்லை.

அவர் லோரியை ஓரம் கட்டினார். பக்கத்தில் உட்கார்ந்தார். யார், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, காதுக்குள்ள பேசுதா?"

ரூபேந்திரன் திரும்பிப் பார்த்திருக்கிறான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு மின்விசிறி பேசுச்சு. கெட்ட வார்த்தயா பேசும்லா, அலமாக், அய்யய்யோ. என் சம்சாரத்தக் கேட்டா, நிப்பாட்டுய்யா அதன்னு சொல்லுவா. எத நிப்பாட்டுறது?"

என் பேரன் சிரித்திருக்கிறான். இரண்டு நாள் நாங்கள் தெருத் தெருவாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு மனிதர் அவனைச் சிரிக்க வைத்திருக்கிறார். பிறகுதான் "வீட்டு நம்பர் சொல்றியா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆறு வாரம் ஆஸ்பத்திரி. பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த தாதி லோஷினியிடம் நான் குளிகைக் கதையைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு, "கேட்டிருந்தா மாத்தி எழுதிக் குடுத்திருப்பாங்களே பாட்டி. மேல்தோல் இல்லாத மாத்திரையாவே இருக்கே" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் நம் பூசாரி சோமுவிடம் ஓடினேன். "சாமி, விரதம் கெட்டுப்போச்சு, பிள்ளையும் கெட்டுப்போனான், பரிகாரம் சொல்லுங்க" என்றேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் மடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். "இது சர்க்கரைக்கு. இது ரத்த அழுத்தத்துக்கு. காலையில போட்டுட்டுத்தான்மா நானே சாமியத் தொடுறேன். சஷ்டிக்கும் போடுறேன். என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

அவையோரே, எண்ணிப் பாருங்கள். தாதியிடம் ஒரு வார்த்தை. பூசாரியிடம் ஒரு வார்த்தை. என் வீட்டிலிருந்து கோயிலுக்கு எட்டு நிமிட நடை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் தெரிந்துவிடும். பேச்சியம்மாள் பேரனுக்கு மண்டையில் நோய் என்று தெரிந்துவிடும், போதைப்பொடி இழுத்தவன் என்று தெரிந்துவிடும். யாருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன்? உங்களுக்கு. நீங்கள் கெட்டவர்கள் என்றா பயந்தேன்? இல்லை. அடுத்த வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் நான் என்ன பேசுவேனோ, அதையே நீங்களும் பேசுவீர்கள் என்று பயந்தேன். அவன் நினைவைக் கலைத்தது நோய். அவனை நடுத்தெருவுக்கு அனுப்பியது என் வாய்ப்பூட்டு.

இப்போது அந்தப் பின்னறைக்கு வருகிறேன். வீரமுத்துவும் லோஷினியும் அங்கே நான்கு பேரோடு புதன்கிழமைக் கூட்டத்தைத் தொடங்கினார்கள். விளக்கு எரிவதைப் பார்த்து, யாரோ அண்டா கழுவுகிறார்கள் என்று நாமெல்லாம் நினைத்திருந்தோம். சிரிக்கிறீர்கள். உண்மைதானே? வீரமுத்து சொல்லித்தான் ரூபேந்திரனை அங்கே அழைத்துப்போனேன். ஏழு வாரம் வாயைத் திறக்கவில்லை. யாரும் திறக்கச் சொல்லவுமில்லை. எட்டாவது வாரம், "மாத்திர போடுறேன். கை நடுங்குது" என்றான். எதிரே இருந்தவர், "எனக்கும்தான் தம்பி. டீ ஊத்துனா பாதி சாசர்ல" என்றார். லோஷினி உடனே குறித்துக்கொண்டாள். அடுத்த வாரம் மருத்துவர் அளவைக் குறைத்தார். நடுக்கம் நின்றது. நடுக்கத்துக்கு வெட்கப்பட்டு மருந்தை அவன் மறுபடி மூடி வைக்கவில்லையே, ஏன்? கேட்க ஓர் இடம் இருந்தது.

மாதம் ஒருமுறை குடும்பத்தாரும் வரலாம். முதல் முறை போனபோது என் வாயிலிருந்து அது தானாக விழுந்தது: "நான்தான் மாத்திரைய நிறுத்துனேன்." பிறகு ஓர் அம்மா சொன்னார், "நான் எம்மகளுக்கு ஊசி போட வேண்டிய நாள்ல மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனேன் அக்கா." ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். யார் என்ன சொன்னார் என்று இங்கே சொல்லமாட்டேன். அது அந்த அறையின் கட்டுப்பாடு. ஆனால் அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது, பல மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கூட்டிச் சொல்லமாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாம் மாதம் ஒருமுறை சறுக்கினான். சறுக்கியவன் எங்கே போனான்? காஹாங்குக்கா, பாலத்தடிக்கா? அந்தப் புதன்கிழமை அதே அறைக்கு வந்தான். "விழுந்துட்டேன்" என்றான். வீரமுத்து நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காருடா. சாப்பிட்டியா?" என்றார். அதற்குப் பின் ஒன்பது மாதம் ஆகிறது. தினம் இரண்டு பேருந்து மாறித் தம்போய் என்கிற ஊரில் ஒரு மோட்டார் பட்டறை வேலைக்குப் போகிறான். மாத்திரையை நான் கொடுப்பதில்லை, அவனே எடுத்துக்கொள்கிறான். கப்பல் ஓட்டும் பேரனும், வழக்காடும் பேத்தியும் உங்களில் பலருக்கு உண்டு. வாழ்க, வளர்க. காலையில் எழுந்து, தன் நோயைத் தானே பார்த்துக்கொண்டு, பேருந்து ஏறுகிற பேரன் எனக்கு உண்டு. என் பெருமை ஒருவர் பெருமைக்கும் குறைந்ததில்லை.

கண்ணையா தம்பி தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்: கல்யாணம் நடக்கும் இடத்தில் இந்த மாதிரி ஆட்கள் வந்துபோனால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? நியாயமான கவலை; எனக்கும் இருந்த கவலை. தம்பி, அந்த ஆட்கள் வானத்திலிருந்து வருவதில்லை. நாம் தாலி எடுத்துக் கொடுத்த கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகள்தான் வருகிறார்கள். அறையைப் பூட்டினால் அவர்கள் இல்லாமல் போய்விடமாட்டார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டுக்குள் பூட்டப்படுவார்கள். சாவி என்னைப் போல் பயந்துபோன ஒருத்தி கையில் இருக்கும்.

தலைவர் அவர்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்னும் சற்று நேரத்தில், "அறையைத் தொடர்ந்து கொடுக்கச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள்" என்பீர்கள். இந்த மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கிறோம். எத்தனை பேர் வீட்டில் குடி இருக்கிறது, எத்தனை பேர் வீட்டில் ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறது? எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களுக்குத் தெரியும். கையைத் தூக்க அவர்களுக்கு ஆசை இருக்கும். தூக்கினால், "ஓ, இவங்க வீட்லயுமா" என்று பக்கத்து நாற்காலி திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்து கை மடியிலேயே கிடக்கும். என் வாய் அப்படித்தான் கிடந்தது. அதனால் கேட்கிறேன், கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். ஆளுக்கொரு சீட்டுக் கொடுங்கள். சம்மதம் என்றோ இல்லை என்றோ எழுதி, மடித்துப் போடட்டும். தோற்றாலும் ஏற்றுக்கொள்கிறேன், பயத்தால் தோற்க மட்டும் மனம் ஒப்பவில்லை.

தலைவர் செயலாளரைப் பார்க்கிறார். செயலாளர் தாளைக் கிழிக்கத் தொடங்கிவிட்டார். கண்ணையா தம்பி எழுந்து உதவப் போகிறார். பெரிய மனசு தம்பி உங்களுக்கு. நன்றி.

நேரம் தந்த தலைவருக்கும், நிமிடம் கடந்தும் மணியடிக்காத நிர்வாகத்துக்கும், கூச்சலின்றிக் கேட்ட பெரியோருக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மாருக்கும் என் நன்றி. செயலாளர் ஐயா, எனக்குச் சீட்டு வேண்டாம், ஒன்று மிச்சம் பிடியுங்கள். இரண்டு கையையும் கூப்பி விடைபெறுவதுதான் மேடைக்கு முறை. இன்று என் ஒரு கை சம்மதம் என்று மேலே உயர்ந்திருக்கிறது, நான் மேடையை விட்டு இறங்கும்வரை அப்படியேதான் இருக்கும். மற்றொரு கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன், வணக்கம்.