சக்கரத்துக்குத் தண்ணி காட்டும் இடம்

ஒரு சாலையை அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டேப்பின் நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர் உருளையை விரித்துக்கொண்டே நடக்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லையென்றால் நுனியின்மேல் ஒரு கல்லை வைக்கலாம். ஆனால் கல் நகர்ந்துவிடும். போடிமெட்டுச் சாலையை முதலில் நான் கல்லை வைத்துத்தான் அளந்தேன். பிறகு ஒரு நாள், ஓரமாக ஜீப்பை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கி வந்தார். கல்லைக் காலால் தள்ளிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "நீங்க நடங்க தம்பி" என்றார். அவர்தான் மொக்கச்சாமி.

அவரை எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். இப்படித்தான், இன்ஸ்பெக்டர் சார்.

அவர் இறந்து இரண்டு வாரம் ஆகிறது. அவருடைய மனைவி சுப்புத்தாய் உங்களிடம் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி என்று சொன்னீர்கள். ஜெயிலிலிருந்து வந்த தன் புருஷனை ஊரே ஒதுக்கிவைத்திருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துபோன ஆள் யார், எதற்காக வந்தார்? நியாயமான கேள்வி. சுருக்கமாகப் பதில் சொன்னால் தவறாகப் புரிந்துகொள்வீர்கள். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிலமலை. பெயர் ராஜாராம். பொறியியல் முடித்ததும் சென்னையில் ஒரு முதுநிலைப் பயிற்சியில் சேர்ந்தேன். சாலையிலும் தண்டவாளத்திலும் நடக்கும் விபத்துகளை விசாரிப்பது எப்படி என்பதுதான் படிப்பு. நல்ல படிப்பு. உடைந்த பல்பின் இழையைப் பார்த்து, மோதும் நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்று சொல்லலாம். முறிந்த அச்சின் முகத்தைப் பார்த்து, அது விபத்தில் முறிந்ததா, முறிந்ததால் விபத்தா என்று சொல்லலாம். என்னோடு படித்தவர்கள் ரயில்வேயிலிருந்தும் போக்குவரத்துத் துறையிலிருந்தும் வந்தவர்கள். களப்பயிற்சிக்கு அவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டார்கள். நான் மிச்சம். என் அண்ணன், "செத்தவனப் பத்திப் படிக்கிறதுக்கு ஒரு படிப்பாடா?" என்று கேட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை என்ன படிக்கிறார் என்று கேட்டார்கள். சொன்னதும் எங்களுக்குக் காபி வந்தது, பெண் வரவில்லை. அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்து ஆய்வு செய்ய வேண்டும். நான் நம் மலையைத் தேர்ந்தெடுத்தேன். காலையில் போடியிலிருந்து ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் சாயங்காலம் இறங்கும்போது கவிழ்வது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு தடவையும் டிரைவர் தப்பு என்று எழுதி முடித்துவிடுவார்கள். அது பிரேக் சூட்டினால் நடப்பது என்று நான் நினைத்தேன். முதலாளிகள் பெட்ரோலை அளந்துதான் கொடுப்பார்கள். அதனால் டிரைவர்கள் இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விடுவார்கள். வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். சூடு ஏறஏறப் பிடிமானம் குறையும். ஒரு கட்டத்தில் மிதித்தால் மிதி கீழே போகும், வண்டி நிற்காது.

இதை நிரூபிக்க முடியவில்லை. விபத்து நடந்தால் நம் மக்கள் முதலில் செய்வது அந்த இடத்தைக் கழுவுவது. ரத்தம் சிந்திய இடத்தில் அடுத்த வண்டி ஏறக் கூடாது என்பார்கள். வடம் கட்டி வண்டியை இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பூசணிக்காய் உடைத்துவிடுவார்கள். நான் போய்ச் சேரும்போது டயர் தடம் மஞ்சளுக்கு அடியில் கிடக்கும், பிரேக் ஆறிப்போயிருக்கும். நான் எழுதி அனுப்பிய இரண்டு ஆய்வுகளையும் பேராசிரியர் திருப்பி அனுப்பினார். இரண்டிலும் ஒரே சொல்தான் எழுதியிருந்தார்: ஊகம். மூன்றாவதும் திரும்பி வந்தால் பயிற்சியிலிருந்து நின்றுவிட வேண்டும்.

மொக்கச்சாமி என்னைத் தன் ஜீப்பில் முன்சீட்டில் ஏற்றிக்கொள்வார். பின்னால் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுப்புத்தாயின் அக்கா கருத்தம்மாளும் அந்த ஜீப்பில்தான் வருவார். என்னை அளவுத் தம்பி என்று பெயர் வைத்துக் கூப்பிட்டது அவர்தான்.

"அளவுத் தம்பி, இம்புட்டு ரோட்டையும் அளந்து சட்ட தைக்கப் போறீகளா?"

"ரோட்டுக்கு எதுக்கு மதினி சட்ட? ஒங்க வாய்க்கு ஒண்ணு தைக்கச் சொல்லுவோம்" என்பார் மொக்கச்சாமி.

"தைங்க மாப்ளே. பொத்தான மட்டும் எந்தங்கச்சி கையில குடுத்துறாதீக. அவ தொறக்கவே மாட்டா."

ஜீப் குலுங்கும். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னோடு சேர்ந்து சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வருஷம் என்னிடம் பேசியவர்கள் அவர்கள்தான்.

பாதி இறக்கத்தில் ஒரு வளைவில் பாறையிலிருந்து ஊற்று வழியும். எல்லா ஜீப்பும் அங்கே நிற்கும். பெண்கள் இறங்கி, தகர டப்பாவில் தண்ணீர் பிடித்து நாலு சக்கரத்திலும் ஊற்றுவார்கள். புசுபுசுவென்று ஆவி கிளம்பும். மாட்டுக்குச் சொல்வதுபோலவே, சக்கரத்துக்குத் தண்ணி காட்டுவது என்று அதற்குப் பெயர். கருத்தம்மாள் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொடுப்பார். "குடி ஆத்தா, நல்லாக் குடி. இன்னும் பாதி எறக்கம் கெடக்கு." பிறகு வெற்றிலை போடுவார்கள், பேசுவார்கள். யாருக்கும் அவசரம் இருக்காது.

சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது கெடுதல். விரிசல் விடும். நம்மைக் காப்பாற்றுவது தண்ணீர் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் காப்பாற்றியது வெற்றிலை. அந்த நேரம் வண்டி நின்றதுதான் பிரேக்கை ஆறவைத்தது. எனக்கு இது நன்றாகத் தெரியும். பல நாள் அந்த இடத்தில் இறங்கி வெப்பமானி வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் மொக்கச்சாமியிடம் சொன்னேன். "அண்ணே, தண்ணி ஊத்தாதீங்க. இரும்பு வெடிச்சுரும். அந்த எடத்துல நிக்க வேண்டிய சோலியே இல்ல."

இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியும், தண்ணீரைப் பொறுத்தவரையில், பொய் இல்லை.

"படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். "இவளுகளும் வெரசா வீடு போய்ச் சேருவாளுக."

ஆள் இல்லாமல் வெறும் ஜீப்பை வைத்துச் செய்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். அவரிடம் சொல்வதற்கு முன்பே ஒரு தடவை நிற்காமல் இறங்கினோம், ஒன்றும் ஆகவில்லை. பாரம் இருந்தால்தான் சூடு அந்த அளவுக்கு ஏறும். ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிப் பார்க்கலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். மூட்டை வீணாகிவிடும் என்று மறுத்துவிட்டார். ஆட்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவர்களாகவே ஏறிக்கொள்வார்கள்.

ஐப்பசியில் காய் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம். ஊற்றில் நிற்காமல் வந்தால் எந்த வளைவில் பிரேக் விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவரிடம் சொன்னதற்கு மறுநாள் மத்தியானமே அந்த வளைவுக்குப் போய்விட்டேன். கேமராவும் டேப்பும் வெப்பமானியும் கொண்டுபோனேன். தனியாகத்தான் போனேன். டேப்பின் நுனிக்கு ஒரு நல்ல கல்லாகப் பார்த்து எடுத்துவைத்தேன்.

சாயங்காலம் ஜீப் வந்தது. எனக்கு மேலே இரண்டு வளைவு தள்ளி வரும்போதே அவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். கருத்தம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி, "அளவுத் தம்பி அங்கன நிக்கிறாருடீ" என்று கத்தினார். கை காட்டினார்கள். நானும் கை காட்டினேன். நிறுத்தச் சொல்லிக் காட்டவில்லை.

என் கணக்கு ஒரு வளைவு பிசகிவிட்டது. அன்று கூடுதலாக இரண்டு பேர் ஏறியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் நின்ற வளைவுக்கு மேல் வளைவிலேயே ஜீப் சாலையை விட்டு இறங்கி, எனக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

விசாரிக்கிறவன் முதலில் போய்ச் சேர்ந்த ஒரே விபத்து அது. சூடு ஒவ்வொரு நிமிஷமும் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் நான் முதலில் சக்கரத்துக்குப் போனேன். நாலையும் அளந்தேன். மேலே ஏறிப் போய்த் தடத்தைப் படம் பிடித்தேன். கருத்தம்மாளுக்கு அப்போது உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். மேலேயிருந்து ஆட்கள் ஓடிவந்தபோது அவரோடு சேர்த்து நாலு பேர் இறந்திருந்தார்கள். மொக்கச்சாமிக்கு இடுப்பு முறிந்திருந்தது. அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

என் ஆய்வு திரும்பி வரவில்லை. பேராசிரியர் என்னைத் தோளில் தட்டினார். அந்த ஊற்றுப் பக்கம், எல்லா வண்டியும் நின்று ஆறிப் போக வேண்டும் என்று ஒரு பலகை வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த இறக்கத்தில் அப்படி ஒரு விபத்து நடக்கவில்லை. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோர்ட்டில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் விபத்து நடந்திருக்குமா என்று கேட்டார்கள். நடந்திருக்காது என்றேன். நிற்காமல் வந்தது யார் முடிவு என்று கேட்டார்கள். வண்டி ஓட்டியவர் முடிவு என்றேன். அப்புறம் மொக்கச்சாமியை ஏன் நிற்கவில்லை என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். "அவசரப்பட்டுட்டேன் சாமி" என்றார்.

பிறகு ஜெயிலில் பார்க்கப் போனபோது காரணம் சொன்னார். "ஒங்க பேரச் சொன்னா படிப்பு போயிருமே தம்பி. எனக்கு ஓடுன வண்டி ஓடிருச்சு. நீங்க வாழ வேண்டிய புள்ள." நான் அவருக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். உரித்துக் கொடுத்தேன்.

அக்காவைக் கொன்றவனோடு இருக்க மாட்டேன் என்று சுப்புத்தாய் மலைமேல் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மொக்கச்சாமி வெளியே வந்தபோது போடியில் யாரும் அவருக்கு வீடு தரவில்லை. ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் பின்புறம் காவலுக்கு இருந்துகொண்டு, ஒற்றை அறையில் தங்கினார். எனக்கு மதுரையில் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்துவிடுவேன். அவர் கஞ்சி வைப்பார், நான் ஊறுகாய் வாங்கி வருவேன். வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் விபத்துகளை அவருக்குச் சொல்வேன். நன்றாகக் கேட்டுக்கொள்வார். சில சமயம் வகுப்பில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்பார். அதற்குப் பதில் யோசித்துக்கொண்டே ஒரு வாரம் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "தம்பி, ஒண்ணு கேக்கணும். தண்ணி ஊத்த வேணாம்னு சொன்னீக, அது ஞாபகம் இருக்கு. நிக்க வேணாம்னும் சொன்னீகளா? இல்ல, நானாத் தப்பா எடுத்துக்கிட்டேனா? அத நெனச்சு நெனச்சுத் தூக்கம் வரல."

நான் யோசித்தேன். அதிக நேரம் இல்லை.

"தப்பா எடுத்துக்கிட்டீங்கண்ணே" என்றேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நாந்தான்" என்றார். பிறகு, "சுப்புத்தாய்கிட்டப் போய் ஒரு வார்த்த சொல்றீகளா? வேணும்னு செய்யலன்னு. நீங்க சொன்னா நம்புவா" என்றார்.

சொல்கிறேன் என்றேன். போகவில்லை. மலைக்கு பஸ் இருந்தது, நேரமும் இருந்தது. நான் போய்ச் சொல்லியிருந்தால் அந்தம்மா இறங்கி வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த அறை மூன்று பேருக்குச் சிறியது. கணவனும் மனைவியும் சேர்ந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யாராவது வருவதை அவர்கள் எதற்கு எதிர்பார்க்கப் போகிறார்கள்?

ஆகவே சுப்புத்தாயிடம் நீங்கள் சொல்லலாம். அக்காவைக் கொன்றது அவர் புருஷன் இல்லை, நான்தான். தெரிந்துதான் செய்தேன். பிறகு அந்தப் பழியை அவர் தலையில் விட்டுவைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதோடு, அவர் அநாதையாகச் சாகவில்லை என்றும் மறக்காமல் சொல்லுங்கள். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தவிர அந்த வாசலை ஒருவரும் மிதித்ததில்லை. அந்த ஒரு நன்மைக்காவது அந்தம்மா என்னை நல்லபடியாக நினைக்க வேண்டும்.