ஜூடித்தின் முருங்கைக் கிளை

எங்கள் காக்ஸ் டவுன் தெருவில் மழைக்காலத்தில் யாரும் சாலையைப் பார்த்து நடப்பதில்லை, கிளையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். சாக்கடை மூடி இல்லாத இடத்தில் யாராவது ஒரு மரக்கிளையைச் செருகி வைப்பார்கள். தண்ணீர் முழங்கால்வரை ஓடினாலும் அதைச் சுற்றிக்கொண்டு போனால் வீடு போய்ச் சேரலாம்.

தெருமுனைப் பள்ளத்துக்குக் கிளை வைப்பவள் ஜூடித். பக்கத்து வீடு, பள்ளிக்கூட டீச்சர். தன் வீட்டு முருங்கையை ஒடித்து, நுனியில் சிவப்புத் துணி கட்டி வைப்பாள். "ரெமி அண்ணா, உங்க பேப்பர்ல எழுதுங்கண்ணா. கொழந்தைங்க போற வழி" என்பாள். ஏரியா வாரப் பத்திரிகைக்கு நான்தான் நிருபர். ரெமிஜியஸ் என்று பெயர் போட்டுப் பலமுறை எழுதினேன். கடைக்காரருக்குக் கத்தரிக்காய் மடித்துக் கொடுக்கத்தான் அது உதவியது.

வார்டு இன்ஜினியரிடமும் நடந்தேன். டீ சொல்லிவிட்டு, ஒவ்வொரு தடவையும் கன்னடத்தில் ஒன்றே ஒன்று கேட்பார்: "யாராத்ரூ பித்ரா?" யாராவது விழுந்தார்களா என்று. எங்கள் ஆசிரியர் சுந்தரராமனும் அதையேதான் தமிழில் கேட்டார்.

"யாரும் விழலைன்னா அதுல என்ன நியூஸ் இருக்கு ரெமி?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் விழாததற்குக் காரணம் ஜூடித்தின் கிளை. அது நிற்கும்வரை பள்ளத்தை மூடமாட்டார்கள். இந்தக் கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர்.

தொண்ணூற்றெட்டு, அக்டோபர் மழை. சாயங்காலம் இறங்கிப் போய்க் கிளையை எடுத்தேன். பிறகு என் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன். யாராவது குடிகாரன் விழுவான், காலை உடைத்துக்கொள்வான், அவ்வளவுதான் என்று நினைத்தேன். வந்தது ஜூடித்தின் நீலக் குடை. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். கூப்பிட வாயைத் திறந்தேன். பள்ளம் எங்கே என்று அவளுக்குத் தெரியாதா என்ன என்று சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள், அந்தச் சாக்கடை போய்ச் சேரும் ஏரிக் கால்வாயில் கிடைத்தாள். செய்தி முதல் பக்கத்தில், என் பெயரோடு வந்தது. அந்த வாரமே கான்கிரீட் பலகை போட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒரு குழந்தையாவது விழுந்ததுண்டா?

பலகைதான் சரியாக உட்காரவில்லை. ஸ்கூட்டர் ஏறினால் டக் டக் என்று தட்டும். ஜூடித் குடைப்பிடியால் என் வீட்டு இரும்புக் கேட்டைத் தட்டுவதும் அப்படித்தான் இருக்கும். இப்போதெல்லாம் வண்டி போகாதபோதும் கேட்கிறது. போய்த் திறக்கிறேன். யாருமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

ஒன்றைமட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கிளையைப் பிடுங்கி எறிந்ததாக எழுதுகிறீர்கள். அவள் வைத்த கிளையை எறிய எனக்கு மனம் வருமா? சிவப்புத் துணிகூட அவிழாமல், கொஞ்சம் தள்ளிக் கல் இடுக்கில் பத்திரமாகச் செருகி வைத்தேன். அவள் அதை நம்பித்தான் சுற்றிக்கொண்டு போனாள்.