காவி பூசிய ரிப்போர்ட்

அறிவுச்செல்வன்: ...ஆகவே, இந்தக் குடும்பத்தின் மானம், மரியாதை, எதிர்காலம் ஆகிய மூன்றையும் கருத்தில் கொண்டு, கணவன் என்ற முறையில் நான் வெளியிடும் முக்கிய அறிவிப்பு என்னவென்றால்...

மணிமொழி: மெதுவாங்க. இது உங்க சங்கத்து மேடை இல்ல, சமையக்கட்டு. பக்கத்து போர்ஷனுக்குக் கேக்கும்.

அறிவுச்செல்வன்: கேக்கட்டும்! புண்ணு வந்தது எனக்கு. வரக்கூடாத எடத்துல. பஞ்சுக் குச்சியால தொட்டு எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. கிருமி இல்ல. நான் சுத்தம்!

மணிமொழி: சரி.

அறிவுச்செல்வன்: உனக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்ல. ஆனா உன் ரத்தத்துல ஹெர்பிஸ், அதான் படுக்கையில தொத்தற கிருமி, இருக்குன்னு ரிப்போர்ட். இதுக்கு என்னம்மா அர்த்தம்?

மணிமொழி: எரிச்சல் உங்களுக்கு, பழி எனக்குன்னு அர்த்தம்.

அறிவுச்செல்வன்: சிரிக்காத. உங்கண்ணன் மணிவேலை வரச் சொல்லிட்டேன். போளூர்ல பஸ் ஏறிட்டாரு. வந்ததும் நியாயத்தைப் பேசி, உன்னை அவரோட அனுப்பி வெச்சுடறதுன்னு முடிவு.

மணிமொழி: முடிவா! இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளை ஒரு பஞ்சுக் குச்சியை வெச்சு முடிவு பண்ணிட்டீங்க... டாக்டர் ராணியம்மாள் பேசறப்ப நீங்க எங்க இருந்தீங்க?

அறிவுச்செல்வன்: உன் பக்கத்துலதான்.

மணிமொழி: காது? ரத்தத்துல இருந்தா, எப்ப தொத்துச்சு, யாருகிட்ட இருந்து தொத்துச்சுன்னு சொல்ல முடியாதுன்னாங்க. எனக்குக் காட்டின அளவும் கம்மி, தப்பாக்கூட இருக்கும், மறுபடி பாக்கணும்னாங்க. உங்களுது காய ஆரம்பிச்சப்புறம் எடுத்தது, இல்லைன்னு வந்ததை நம்பாதீங்க, நீங்களும் ரத்தம் குடுங்கன்னாங்க.

அறிவுச்செல்வன்: புண்ணையே பாத்தாச்சு, ரத்தம் எதுக்கு? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னா அதுக்குப் பேரு பதிலா? ஆபீஸ்ல நான் அப்படி ஃபைல் எழுதினா...

மணிமொழி: வேற எப்படி எழுதறீங்களாம்? சரி, ஒண்ணு கேக்கறேன். டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி அது மேல ஏதாச்சும் பூசினீங்களா?

அறிவுச்செல்வன்: சேச்சே.

மணிமொழி: துவைக்கப் போட்ட ஜட்டி எல்லாம் காவிக் கலரா இருந்துச்சு.

அறிவுச்செல்வன்: அது... பௌர்ணமிக்கு கிரிவலம் போனேன்ல? வேட்டிச் சாயம்.

மணிமொழி: பேன்ட் போட்டுக்கிட்டுத்தான் போனீங்க.

அறிவுச்செல்வன்: அப்படியா?

மணிமொழி: அக்கின்னு நெனச்சு அது மேல காவிப் படம் எழுதிக்கிட்டு வந்துட்டீங்க. உண்மையா இல்லையா?

அறிவுச்செல்வன்: ஏன், கொப்புளம் கொப்புளமா வந்தா அக்கிதானே? அடி அண்ணாமலையில முருகையன்னு பானை செய்யறவரு. காவியைக் குழைச்சு உடம்புல வரைஞ்சாருன்னா எரிச்சல் சட்டுனு அடங்கிடும்.

மணிமொழி: அங்கயா வரைஞ்சாரு?

அறிவுச்செல்வன்: வந்த எடத்துலதானே வரையணும்!

மணிமொழி: வழக்கமா சிங்கம் போடுவாங்களே...

அறிவுச்செல்வன்: எடம் பத்தலை. நாய் போட்டாரு.

மணிமொழி: ஐயோ சாமி! காவியை அப்பிக்கிட்டுப் போய், அது மேல பஞ்சை வெச்சு எடுத்துட்டு, கிருமி இல்லையாம்! அதுக்கு ஒரு அறிவிப்பு வேற!

அறிவுச்செல்வன்: கழுவிட்டுத்தான் போனேன்.

மணிமொழி: டாக்டர்கிட்ட சொன்னீங்களா?

அறிவுச்செல்வன்: சொன்னா மதிப்பாங்களா? நான் ஒரு சங்கத்துக்கே தலைவர்...

மணிமொழி: அதான் சொல்லாம விட்டு, என்னை அண்ணன் வூட்டுக்கு அனுப்பறீங்க.

அறிவுச்செல்வன்: முருகையனைக் கொறைச்சுப் பேசாத. கைராசிக்காரரு. என்னைப் பாத்ததும் எங்கன்னுகூடக் கேக்கலை. கதவைச் சாத்தினாரு, நேரா அந்த எடத்துக்கே வந்துட்டாரு. என்னா ஞானம்!

மணிமொழி: எங்கன்னு கேக்கலையா?

அறிவுச்செல்வன்: கேக்கவே இல்ல!

மணிமொழி: அப்புறம் அவருக்கு எப்படித் தெரியும்?

அறிவுச்செல்வன்: பஸ் எங்க வருதுன்னு போன் பண்ணிக் கேக்கட்டுமா? பாவம், உங்கண்ணன்... இவ்ளோ வெயில்ல... பாதியில எறங்கித் திரும்பிடச் சொல்லலாம்.

மணிமொழி: ஜாஸ்தி அக்கறைதான். வரட்டும். வந்து அவரும் இதையேதான் கேக்கப் போறாரு. முருகையனுக்கு எப்படிங்க தெரியும்?

அறிவுச்செல்வன்: நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு தடவை அதே எடத்துல வரைஞ்சிருக்காரு.