பாலத்துக்கு அடியில் நின்றவர்

குன்னத்தூர் பஸ் புதுப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே நொய்யலின் பழைய பாலத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். என் முன் சீட்டில் ஒரு நடுவயதுப் பெண். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த தன் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் இருந்தவரிடம் சொன்னார்:

"எங்க அப்புச்சி, அம்மாவைப் பெத்தவரு, அந்தப் பழைய பாலத்தைக் கொஞ்சம் மட்டமாக் கட்டியிருக்கலாமுங்க."

"உங்க அப்புச்சி கட்டினதுங்களா?"

"அவருதானுங்க இஞ்சினீயரு. கட்டி முடிச்சதும் பஞ்சு மூட்டை ஏத்தின வண்டிங்களை மேல ஓட்டச் சொல்லிட்டு, எங்கம்மாவைத் தோள்ல வெச்சுட்டு அடியில போய் நின்னாராமுங்க. விழுந்தா மொதல்ல நம்ம மேல விழட்டும்னு."

"அப்புறம் ஏனுங்க மட்டமா?"

"சீக்கிரம் இடிச்சு முடிச்சிருப்பாங்கல்லங்க. இடிக்கறது அம்மாவுக்குத் தெரியாமக் கூட்டிட்டுப் போறதே பெரும்பாடா இருக்குது. அவங்களுக்குப் பார்வை இல்லாததால தப்பிச்சேன்."

உடைக்கும் சத்தத்தில் அந்த அம்மா விழித்துக்கொண்டார்.

"என்ன கண்ணு சத்தம்?"

"நம்ம பாலத்தை ரிப்பேர் பண்றாங்கம்மா."

"அப்ப இஞ்சினீயரு அடியில நிக்கோணுமே. நிக்கறாரா பாரு."

மகள் பார்க்காமலேயே சொன்னார்.

"நிக்கறாருங்கம்மா."

"தோள்ல கொழந்தை இருக்குதா?"

"இல்லீங்கம்மா."

"அப்படீன்னா பாலம் நிக்காது கண்ணு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.