உள்பக்கம் தைத்த வாத்து

ஸ்லோ குக்கரில் விசில் கிடையாது மேடம். அதனால்தான் எனக்கு அது பிடித்துப்போனது. குப்புவுக்கு விசில் சத்தம் ஆகாது. கடல் ஊருக்குள் வந்த நாளிலிருந்து எங்கே சத்தம் கேட்டாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். குப்பு என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. அவன் சுனாமிக்கு முந்தின வருஷமே குடித்துக் குடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கப்புறம் அவளுக்குச் சோறு போட்டது நான்தான்.

சுனாமிக்கு அப்புறம் அண்ணாமலை நகரில் நான் வேலை பார்த்த வீட்டுச் சிந்துஜா அம்மா அந்தக் குக்கரை எனக்குக் கொடுத்தார்கள். காலையில் பருப்பையும் கத்தரிக்காயையும் அள்ளிப் போட்டு மூடினால் மத்தியானம் குழைந்து கிடக்கும். கிளற வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம். சின்னச் சூட்டில் எதுவும் அடிபிடிக்காது, நேரம்தான் பிடிக்கும். அந்த நேரத்தில் நான் தைத்தேன். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான். "மனசு அடங்கும், தச்சுப் பாரு" என்றார்கள். எனக்கு நன்றாகவே அடங்கியது.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முதுநகரில் மீன் விற்றுக்கொண்டிருந்தேன். என் மகன் சேரனையும் அவள் மகள் சினேகாவையும் குப்புவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன். தண்ணீர் வந்தபோது இரண்டு பிள்ளைகளும் அவள் இரண்டு கையில் இருந்திருக்கின்றன. சேரனை அன்றைக்கே புதைத்தோம். பாப்பா கிடைக்கவில்லை. குப்பு என் காலைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு பேரயும் புடிக்க முடியலக்கா. சேரன் கைய வுட்டுட்டு பாப்பாவத் தூக்கினேன். அதுவும் நழுவிப் போச்சிக்கா."

எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். இதை நான் அவளிடமே சொல்லி, தலையைத் தடவிக்கொடுத்தேன்.

பிறகு குப்பு காய்ச்சலில் விழுந்தாள். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஆள் தெரியாத பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள் என்றார்கள். பாப்பாவைத் தேடி நான் போனேன். மனதாரத்தான் போனேன் மேடம், எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் பாப்பா "அம்மா" என்று ஓடிவந்து முந்தானையைப் பிடித்தாள்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சேரன் குப்புவைச் சின்னம்மா என்பான், என்னை அம்மா என்பான். அவனைப் பார்த்துப் பார்த்து பாப்பாவும் அப்படியே பழகிவிட்டாள். பெற்றவள் சின்னம்மா, நான் அம்மா. கேட்டுச் சிரிப்போம். மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளைக்குத் தன் பெயரும் தெரியாது. கேட்டால் பாப்பா என்றுதான் சொல்லும்.

வெளியூரிலிருந்து உதவிக்கு வந்திருந்த தம்பி ஒருவர், "உங்க குழந்தையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, எம்புள்ள பையன்" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

"வர்ற பொம்பளைங்க எல்லாரையும் அம்மான்னு கூப்புடுது போல" என்றும் சொன்னேன். அவர், "சின்னம்மா சின்னம்மான்னே அழுவுது. பெத்தவங்க இல்லன்னு நினைக்கிறோம். சின்னம்மா வந்தா குடுத்துடுவோம், இல்லன்னா சாயங்காலம் புதுச்சேரி ஹோமுக்கு அனுப்பிடுவோம்" என்றார். நான் தலையாட்டினேன். கவுன் அழுக்காக இருக்கிறதே என்று அங்கே குவிந்து கிடந்த துணியில் ஒன்றை எடுத்து மாற்றிவிட்டேன். அந்தத் தம்பி என்னைக் கும்பிட்டார்.

கழற்றிய கவுன் தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் துணி. ஒரே பீஸில் சேரனுக்குச் சட்டை, பாப்பாவுக்குக் கவுன். கவுன் கிழிந்த இடத்தில் குப்பு ஒரு சிவப்பு வாத்தை வைத்துத் தைத்திருந்தாள். சேரன் சட்டை அவனோடு மண்ணுக்குள் போய்விட்டது. கவுனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் குப்பு தானும் போய்ப் பார்க்கிறேன் என்று எழுந்தாள். "போ. நான் அம்மா, எம்பொண்ணக் காணோம், மஞ்சக் கவுனு, செவப்பு வாத்துன்னு சொல்லு. வேற எதுவும் பேசிக் கொழப்பாத" என்று அனுப்பிவைத்தேன். அவள் அப்படியே சொன்னாள். அம்மாவைத் தேடிய பிள்ளை எதுவும் இங்கே இல்லை, மஞ்சள் கவுனும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவளும் பொய் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பிறகு நானும் வீட்டுக்காரரும் அவளையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கே குடிவந்துவிட்டோம். அவளுக்குத் தைத்த போர்வையில், கவுனிலிருந்து மஞ்சள் துணியோடு வெட்டிய வாத்தை நடுச் சதுரத்தின் உள்பக்கமாக, பஞ்சைப் பார்த்த மாதிரி தைத்தேன். போர்த்தினால் நெஞ்சுக்கு நேராக வரும். "இதப் போத்துனாத்தாங்கா தூக்கம் வருது" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்கும் தூக்கம் வரும்.

ஏழு வருஷம் கழித்து, போன மாதம் தானே புயலில் கூரை ஓடு பிய்த்துக்கொண்டு போர்வை ஊறிப்போனது. பஞ்சைக் காயவைக்கிறேன் என்று குப்பு தையலைப் பிரித்தாள். வாத்தோடு அடுப்படிக்கு வந்தாள். "அக்கா, பாப்பாவோட போன கவுனு இங்க எப்பிடி வந்துச்சி?"

இந்தக் கேள்விக்காக நான் எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தேன் தெரியுமா மேடம்? குக்கரை அணைத்துவிட்டு, உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். நீ ஒரு பிள்ளை கையை விட்டாய், நானும் ஒரு பிள்ளை கையை விட்டேன் என்றேன். அவள் எழுந்தாள். வாத்தை மடியில் கட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

ஹோம் எங்கே என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி மஞ்சளில் துணி எடுத்துக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வருவேன். உள்ளே போனதில்லை. வழி சொல்கிறேன், குப்புவையும் கூட்டிக்கொண்டு போங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போய் பாப்பாவிடம், "உன் அம்மா வந்திருக்காங்க" என்று சொல்லிவிடாதீர்கள். பாவம், பிள்ளை குப்புவைத் தாண்டி வாசலுக்கு ஓடி, என்னைத் தேடும்.