மேற்படி வெள்ளைப் பெட்டியில் இருந்தவை குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றைக் காவல் நிலைய எழுத்தர் முதல் தாளில் தனியே குறித்துக்கொண்டார். வயது முப்பத்தெட்டு. கணவரோடும் மகளோடும் வசிக்கிறேன். ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் மாதிரி சேகரிக்கும் வேலை செய்து வருகிறேன். நான் போய்வரும் தெருக்களில் என்னைப் பொட்டியக்கா என்று கூப்பிடுவார்கள்.

மனிதர்களின் குடலிலும் வாயிலும் தோலிலும் வாழும் நுண்ணுயிர்கள், நல்ல உடம்பில் எப்படி இருக்கின்றன, நோய் வந்த உடம்பில் எப்படி மாறுகின்றன என்று எங்கள் நிலையத்தில் பார்க்கிறார்கள். அதற்குச் சம்மதித்தவர்களின் வீடுகளுக்குப் போய் மலம், எச்சில் முதலியவற்றை வாங்கி, ஐஸ் வைத்த வெள்ளைப் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. யார் கொடுத்தது என்பதை வெளியில் சொல்வதில்லை என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்துத்தான் வாங்குகிறோம். பெட்டியைத் தூக்க உதவுவதும் வண்டி ஓட்டுவதும் டிரைவர் அண்ணன். வயதில் பெரியவர். பெட்டிக்குள் இருப்பதை அவர் 'சாமான்' என்றுதான் சொல்வார். பெட்டி வண்டியில் இருக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

சம்பவ நாளன்று காலை, மேற்படி தெருவில் உள்ள மாடி வீடு ஒன்றின் வாசற்படியில் வைத்து, ஒரு குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தடவி எடுத்தேன். குழந்தையின் தாயார்தான் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். எதிர்வீட்டிலிருந்து யாரோ இதைக் கைபேசியில் படம் எடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்துப் பெட்டியில் கடத்துகிறார்கள் என்று அந்த வாரம் ஊரெல்லாம் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. என் படத்தை அதோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

அதன் பிறகு நான் அதே தெருவில் உள்ள சலூனுக்குப் பின்பக்கமாகப் போனேன். சலூன்காரர் வழக்கம்போல, "பார்சல் கட்டியாச்சுக்கா, சூடா இருக்கு" என்று சிரித்தபடி பையை நீட்டினார். அவர் எதைக் கொடுத்தாலும் ஒரு சிரிப்போடுதான் கொடுப்பார். முன்பக்கம் ஆள் காத்திருந்ததால் அவசரத்தில் சலூன் பெயர் அச்சடித்த பையிலேயே போட்டுவிட்டிருந்தார். வண்டியில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அதை அப்படியே பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடினேன்.

சந்திலிருந்து வண்டிக்கு வந்தபோது ஆட்கள் கூடி நின்றார்கள். இரும்புக் கடைக்காரர் முன்னால் வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஆராய்ச்சிக்காக எடுத்த மலமும் எச்சிலும்தான் இருக்கிறது என்று சொன்னேன். நிலைய அட்டையையும் காட்டினேன்.

"காதுல பூ சுத்தாதீங்கம்மா. அதப் போய் யாராச்சும் ஐஸ் வெச்சு எடுத்துட்டுப் போவாங்களா?" என்றார்.

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும், அவர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

குழந்தையின் தாயாரைக் கைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்தால் முதலில் தெரிவது சலூன் பெயர்தான். ஆகவே காவல் நிலையத்துக்குப் போவோம், அங்கே திறக்கிறேன் என்று சொன்னேன். அதற்குள் சலூன்காரரும் கையில் சீப்போடு வெளியே வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அவருக்குப் பக்கத்தில், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் நின்றார். நான் சலூன்காரரைப் பார்க்கவில்லை. பார்த்தால் மற்றவர்களும் அந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று, இரும்புக் கடைக்காரரின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு பேசினேன்.

அதன் பிறகு இரும்புக் கடைக்காரரின் மச்சான் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். டிரைவர் அண்ணன் குறுக்கே வந்து, "பொம்பளைப் பிள்ளை மேல கை படாம பேசுப்பா" என்றார். மச்சான் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அண்ணன் வண்டிக் கதவின் விளிம்பில் தலை மோதிக் கீழே உட்கார்ந்துவிட்டார். காதுக்கு மேலே கிழிந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. அப்போதும் அவர் பெட்டியின் பட்டையை விடவில்லை.

சலூன்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கலாமே என்று காவல் ஆய்வாளர் கேட்கிறார். அண்ணன் விழுந்தபோது சலூன்காரரைக் கைகாட்டிவிடலாமா என்று வாய்வரை வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்லியிருப்பேனா மாட்டேனா என்பது எனக்குத் தெரியாது. அதற்குள் அவரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"விடுங்கப்பா. அதுல இருக்கறது என்னோடது" என்றார்.

"என்னது உன்னோடது?" என்று மச்சான் கேட்டார்.

"காலையில நான் போனது."

இதற்கும் சிலர் சிரித்தார்கள். அவர் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். அதன் பிறகு பெட்டியைத் தானே திறந்து, மேலே இருந்த பையை எடுத்து, எழுத்து தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"எனக்குக் குடல்ல நோவு. ரெண்டு வருஷமா ரத்தமா போகுது. என் சம்சாரத்துக்கும் இந்தக்காவுக்கும்தான் தெரியும். தெரிஞ்சா எவன் என்கிட்ட மூஞ்சியக் குடுப்பான்னு யார்கிட்டயும் சொல்லல. இவங்களும் சொல்லல. பெரியவர் மண்டை உடைஞ்சும் சொல்லல. நான்தான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டதால் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

கூட்டம் ஓரத்திலிருந்து கரைந்தது. இரும்புக் கடைக்காரர் அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் வாங்கிக் குடித்தார். சலூன்காரர் பஞ்சு வைத்துத் துண்டால் தலையைச் சுற்றிக் கட்டினார். அதை முடித்துவிட்டு வாடிக்கையாளரிடம், "வாங்க, மிச்சத்தையும் முடிச்சிரலாம்" என்றார். அந்த மனிதர் நுரையைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்து, "வீட்ல பாத்துக்கறேன்பா" என்று சொல்லி, துண்டை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சலூன்காரர் அந்தத் துண்டை விரித்து மறுபடியும் மடித்தார்.

அதன் பிறகு இரும்புக் கடைக்காரரின் வண்டியில் அண்ணனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தையல் போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். "என்னப் பாத்துக்க டாக்டர் இருக்காரும்மா. அங்க ஐஸ் உருகுது. நீ சாமானக் கொண்டுபோய்க் குடு" என்று விரட்டினார். கொண்டுபோய்க் கொடுத்தேன். எதுவும் கெடவில்லை.

சில நாட்கள் சலூனில் ஆள் இல்லை என்று கேள்விப்பட்டேன். தையல் பிரிக்கும் முன்பே டிரைவர் அண்ணன் அங்கே போய், கதவைத் திறந்துவைக்கச் சொல்லி, தெருவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டாராம். அதன் பிறகு ஒருவர் இருவராக வருகிறார்கள். பழையபடி என்று சொல்ல முடியாது.

இங்கே வருமுன் சலூன்காரரிடம் அவரைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டேன். "தெருவே பாத்தாச்சு, ஸ்டேஷன் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? தாராளமா சொல்லுங்க" என்றார். அதனால்தான் சொன்னேன். அந்தத் தெருவில் மாதிரி கொடுக்கும் மற்றவர்கள் யார் என்று ஆய்வாளர் கேட்டார். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அண்ணனைத் தள்ளியவர் இரும்புக் கடைக்காரரின் மச்சான்தான். அவரை அடையாளம் காட்டுகிறேன்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். மரியாதை கருதி இரண்டு இடங்களில் 'மலம்' என்பதற்குப் பதிலாக 'ரத்தம்' என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தையால்தான் இவ்வளவும் நடந்தது என்று சொல்லித் திருத்தச் சொன்னேன். அடித்துத் திருத்தினார். இரண்டு திருத்தங்களுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். மற்றபடி இதில் உள்ளவை எல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான், உண்மை. கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)