வலப்பக்கச் சீட்டின் பாரம்

கிட்ட வந்து இருங்கள். இந்த ஹீட்டரின் சூடு கதவடி வரைக்கும் வராது.

டிசம்பர் மாதம். வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரை. அந்த நேரத்துக்கே இங்கே கண் தெரியாத இருட்டு. லண்டனை விட்டு, எம் இருபத்தைந்து என்கிற சுற்று ரோட்டைத் தாண்டி, எசெக்ஸ் பக்கம் ஒரு ஒழுங்கை... ஒரு கார் மட்டும் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் அரை மைல் பின்னுக்குப் போகவேண்டும். ஆனால் எதிரே ஒன்றும் வராது. இரண்டு பக்கமும் ஆளுயரப் பற்றை. லைட் இல்லை. அந்த ஒழுங்கையில் ஒரு மனிதன் தனியே கார் ஓட்டிக்கொண்டு போகிறான். ஒருவரிடம் ஒரு விஷயம் சொல்லப் போகிறான். சொல்லப் போகிற ஆளை அவன் ஒருநாளும் கண்டதில்லை.

இது கிளின்ரனின் பெரியம்மாவின் மகனுக்கு நடந்தது. கிளின்ரனை உங்களுக்குத் தெரியும். தண்ணி போட்டாலும் பொய் சொல்லத் தெரியாத ஆள்.

அந்த அண்ணனின் பெயர் ரதீசன். லண்டன் எட்மண்டனில் ஒரு மொத்தக் கடையில் இருபத்திரண்டு வருடம் கன்டெய்னர் இறக்கியவன். அரிசி, பருப்பு, மா... எல்லாம் கையால். அந்த வேலை ஆளுக்கு இடுப்பு வலியைக் கொடுக்கும். கூடவே ஒரு வித்தையையும் கொடுக்கும். எதைத் தூக்கினாலும் எத்தனை கிலோ என்று கை சொல்லிவிடும். பத்துக் கிலோ மூட்டையில் அரைக் கிலோ குறைந்தாலும் ரதீசன் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவான். தராசில் போட்டுப் பார்த்தால் அவன் கை சொன்னது சரியாக இருக்கும்.

மனைவி றூபினி பிரிந்துபோய் ஆறு வருடம். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அவனுக்கு இரவு ஷிப்ட், அவளுக்குப் பகல். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் காணாமலே பழகிவிட்டார்கள். பிறகு அவள் மகளையும் கூட்டிக்கொண்டு, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்துக்குப் போய்விட்டாள். மகள் ஜதுர்ஷிகா. முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். பிறகு பிறந்தநாளுக்கு வந்தாள். பிறகு போனில் வாழ்த்து மட்டும் வந்தது.

ரதீசன் ஏன் பிளேன் ஓடப் பழகினான் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. ஒற்றை அறையில் சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல்தான் முதல் பாடத்துக்குப் போனான். மூன்று வருடம் இழுத்து, நாற்பத்தேழு வயதில் லைசென்ஸ் எடுத்தான். வேலையிடத்தில் சிரித்தார்கள். கொழும்புக்கு சேர்விஸ் தொடங்கப் போறியளோ, எங்களுக்கு ஜன்னல் சீட் வையுங்கோ அண்ணை என்றார்கள். ஏறச் சொன்னபோது ஒருவரும் ஏறவில்லை.

பிறகு ஒரு பிளேன் வாங்கினான். புதுப் பிளேன் இல்லை. அவனை விட வயது கூடியது. ஒரு நல்ல வான் வண்டியின் விலைக்கு வந்தது. மலிவாக வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அது டெயில்வீல். மூக்கின் கீழே சக்கரம் இல்லை. முன்னுக்கு இரண்டு, வாலின் கீழே ஒரு சின்னச் சக்கரம். நிலத்தில் நிற்கும்போது மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று ஓடுகிறவனுக்குத் தெரியாது. இறக்கும்போது மிதியில் கால் கொஞ்சம் பிசகினால் சுழன்றுவிடும். புதுசாகப் பழகியவன் வாங்குகிற சாமான் இல்லை அது. ரதீசன் இன்னொரு பிளேனில் வாத்தியாரோடு பறந்து அந்த வித்தையைப் பழகிய பிறகுதான் இதில் ஏறினான்.

விற்றது ஒரு வெள்ளைக்காரக் கிழவி. புருஷன் செத்துப்போய் ஒரு வருடம். ஆஸ்பத்திரியில், நோயில்தான் செத்தார், பிளேனால் இல்லை. பிளேன் அவர்களின் ஓடுபாதையான புல்லுத் தரையிலேயே, தகரக் கொட்டகைக்குள்ளேயே நிற்கட்டும் என்றாள். காட்ட வந்தவள் கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை.

முதல்நாள் கிளின்ரனும் போனான். சக்கரத்தின் கீழே வைத்து நசிக்கத் தேசிக்காய் கொண்டுபோனான். காருக்கு நாலு என்றால் இதற்கு மூன்றோ, வாலுக்கும் வைக்கவேணுமோ என்று இரண்டு பேரும் கொஞ்சநேரம் யோசித்தார்கள். கடைசியில் முன்சக்கரம் இரண்டுக்கும் வைத்தார்கள்.

டெயில்வீல் பிளேனைக் கொட்டகையில் இருந்து எடுக்கவேண்டும் என்றால், வாலைக் கையால் தூக்கித் தள்ளவேண்டும். ரதீசன் தூக்கினான். முப்பது கிலோ. கை சொன்னது. தேசிக்காய் இரண்டும் நசிந்தன. பிறகு வேடிக்கைக்குக் கிளின்ரனை வலப்பக்கச் சீட்டில் ஏறி இருக்கச் சொல்லிவிட்டுத் தூக்கினான். நாற்பது. கிளின்ரன் எழுபத்தாறு கிலோ ஆள். சீட் முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னால் இருப்பதால், அவனுடைய பாரத்தில் ஒரு பத்துக் கிலோ வாலில் வந்து விழுகிறது. கணக்குச் சரி.

கிளின்ரன் இறங்கிவந்து சொன்னான். "சீட் சூடாக் கிடக்கு அண்ணை. ஆரும் இருந்தவையோ?"

பஸ்ஸில் ஒருவர் எழும்பிப் போன சீட்டில் இருந்தால் ஒரு சூடு தெரியுமே... அந்தச் சூடு.

ஒருவரும் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ரதீசன் தனியே போனான். கொட்டகையைத் திறந்தான். பெற்றோல் மணம், காய்ந்த புல் மணம். குனிந்து வாலைத் தூக்கினான்.

நாற்பது.

வைத்துவிட்டு உள்ளே பார்த்தான். சாமான் இல்லை. பெற்றோல் தாங்கியைப் பார்த்தான். போனமுறை விட்ட அளவுதான். திரும்பத் தூக்கினான். நாற்பது. இடுப்பு சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறிப் பறந்தான். அந்தப் புல்லுத் தரையின் பாதித் தூரத்தில், ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அவன் ஒருவன் மட்டும் இருந்தால் அந்தத் தொட்டிக்கு முன்னமே பிளேன் கிளம்பவேண்டும். கிளம்பவில்லை. தொட்டியையும் தாண்டி, கடைசியில் நிற்கிற மரங்கள் பெரிதாகத் தெரியத் தொடங்கிய பிறகுதான் எழும்பியது. இரண்டு பேரை ஏற்றியதுபோல.

இடுப்பு பொய் சொல்லலாம். தண்ணீர்த் தொட்டி பொய் சொல்லாது.

அந்த மாதம்தான் சீட்டின் அடியில் ஒரு கொப்பி கிடைத்தது. செத்துப்போன மனிதர் பென்சிலால் எழுதியது. ஒவ்வொரு முறை பறக்க முன்னும் பாரக் கணக்குப் பார்த்திருக்கிறார். பெற்றோல் இவ்வளவு. தான் எண்பது கிலோ. அதற்குக் கீழே, பெயர் இல்லாமல், எழுபத்திமூன்று. பதினாலு வருடம், ஒவ்வொரு பக்கத்திலும். எழுபத்திமூன்று... எழுபத்திமூன்று...

ரதீசன் கிழவிக்குப் போன் எடுத்தான். உங்கள் நிறை எழுபத்திமூன்றோ என்று ஒரு பொம்பிளையிடம் எப்படிக் கேட்பது. புருஷனோடு அடிக்கடி பறந்தீர்களோ என்று கேட்டான். தான் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை என்றாள் கிழவி. வேறு யாரும்? யாரும் இல்லை, அவர் எப்போதும் தனியேதான் என்றாள். பிறகு, இந்த நம்பருக்கு இனி எடுக்கவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நீங்களும் நானும் என்றால் அன்றைக்கே பிளேனை விற்றிருப்போம். ரதீசன் விற்கவில்லை. ஏன் என்று கிளின்ரன் கேட்டதற்கு அவன் சொன்ன பதிலைத்தான் கிளின்ரனால் மறக்க ஏலாமல் இருக்கிறது.

"பக்கத்தில ஆள் இருக்கு எண்டு தெரிஞ்சால் பயம் குறைவடா."

சனிக்கிழமை போவான். வாலைத் தூக்குவான். நாற்பது என்றால் முகம் தெளியும். வலப்பக்கச் சீட் பெல்ட்டைத் தானே கொளுவிவிடுவான். பறக்கும்போது கதைப்பான். கடைப் போர்மன் விட்ட சேட்டை, அறையின் சுவரில் வருகிற ஈரம், றூபினியின் சமையல்... கிழமை முழுக்க ஒருவரிடமும் சொல்லாததை எல்லாம் சொல்வான். பதில் வராது. ஆனால் பிளேன் வலப்பக்கம் கொஞ்சம் சரியும். ஒருவர் காதைக் கிட்டக் கொண்டுவருவதற்குத் திரும்பி இருந்தால் சரியுமே, அவ்வளவு. அதுவே அவனுக்குப் போதும். ஐந்து மாதம் இப்படிப் போனது.

டிசம்பரில் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. பிளேன் படத்தை யாரோ காட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை தனக்கு ஒரு வேலையும் இல்லை, ஏற்றுவீர்களா என்று கேட்டிருந்தாள்.

ரதீசன் அந்த மெசேஜை ஷிப்ட் முழுக்கத் திறந்து திறந்து பார்த்தான். பிறகு கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டான். தான் எண்பத்திநாலு. பிள்ளை ஐம்பத்தெட்டு இருப்பாள். பெற்றோல். சரி. எழுபத்திமூன்றையும் கூட்டினான். அந்தப் பாரத்தோடு அந்தப் புல்லுத் தரையில் எழும்ப ஏலாது. மரத்தில்தான் போய் முடியும். வரவேண்டாம் என்று சொன்னால், இன்னொருமுறை கேட்க மாட்டாள். அதுவும் அவனுக்குத் தெரியும்.

அதுதான் அந்த வெள்ளிக்கிழமை. நாலரை மணி. அந்த ஒழுங்கை.

கொட்டகைக்குள் போன் வெளிச்சத்தோடு போனான். பெற்றோல் மணத்தோடு வேறொரு மணமும் இருந்தது. ஈரக் கம்பளி உடுப்பு மணம். போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வாலைத் தூக்கினான். நாற்பது. வைக்காமல் பிடித்துக்கொண்டே கதைத்தான். ஆணோ பெண்ணோ என்று அவனுக்குத் தெரியாது. எழுபத்திமூன்று கிலோ என்றபடியால் ஐயா என்றே கூப்பிட்டான்.

"ஐயா, நாளைக்கு என்ர பிள்ளை வாறாள். உங்களையும் வைச்சுக்கொண்டு அவளை ஏத்த ஏலாது. பிளேன் எழும்பாது."

தகரத்தில் காற்று உரசியது.

"குறை நினையாதேங்கோ. நானும் தனி ஆள்தான், எனக்கு விளங்கும். இந்தத் தகரத்துக்குள்ள கிடவாமல் எங்கயாவது ஒரு வீடு வாசலாப் போய் இருங்கோ."

பிறகு... டக். சீட் பெல்ட் கழன்ற சத்தம். கதவுக் கொளுக்கி திறந்த சத்தம். அவன் கையில் வால் லேசாகியது. ஒரேயடியாக இல்லை. இரண்டு தரமாக. ஒருவர் ஒரு காலை நிலத்தில் வைத்து, பிறகு மற்றக் காலையும் எடுத்து இறங்குவது மாதிரி.

முப்பது.

வெளியே உறைந்த புல் நொறுங்கியது. சறுக்... சறுக்... பிறகு அதுவும் நின்றது. ரதீசன் வாலை மெல்ல வைத்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனுக்குப் பயம் இருக்கவில்லை. ஒருவரை வீட்டை விட்டு அனுப்பிய கவலைதான் இருந்தது.

சனிக்கிழமை நல்ல வெயில். ஜதுர்ஷிகா பெரிய ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் வாலைத் தூக்கினான். முப்பது. இரண்டாம் முறையும் தூக்கினான். முப்பதுதான். தொட்டியைக் கொஞ்சம் தாண்டியவுடன் பிளேன் சுகமாகக் கிளம்பியது. மேலே போனதும் வெள்ளை வயல்கள், தூரத்தில் பனிப்புகாருக்குள் லண்டனின் கண்ணாடிக் கட்டடங்கள். அவள் இங்கிலீஷில் எதை எதையோ கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"ஏன் அப்பா இவ்வளவு நாளும் என்னைக் கூப்பிடேல்லை?"

"வருவாய் எண்டு நான் நினைக்கேல்லை, பிள்ளை."

அவள் அவனுடைய கையில் தட்டினாள். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவன் இறக்கிய மாதிரி ஒருநாளும் இறக்கியதில்லை. மூன்று சக்கரமும் ஒன்றாகப் புல்லைத் தொட்டன. அடுத்த சனிக்கிழமையும் வருவதாகச் சொன்னாள்.

பார்க்கிங்குக்கு அவளைக் கொண்டுபோய் விடவேண்டும். இருட்டு விழத் தொடங்கியது. ஒழுங்கையால் வந்து பெரிய ரோட்டில் ஏறியதும் கார் கத்தியது. பிங்... பிங்... பிங்... பின்சீட்டில் ஒருவர் பெல்ட் போடவில்லை என்று ஒரு சின்னச் சிவப்புப் படம். பின்சீட்டில் ஒன்றும் இல்லை. பழைய கார், சென்சர் பழுதாகியிருக்கும் என்றாள் மகள். முன்சீட்டில் இருந்து திரும்பி, கையை நீட்டிப் பின் பெல்ட்டை இழுத்துக் கொளுவிவிட்டாள். சத்தம் நின்றது. அவள் சிரித்துக்கொண்டு போனை எடுத்தாள். ரதீசன் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். பெல்ட், சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு சாண் முன்னுக்குத் தள்ளி, இறுகி நின்றது.

மகளிடம் என்ன சொல்வது. இத்தனை காலத்துக்குப் பிறகு வந்த பிள்ளை, பயந்தால் திரும்பி வருவாளா. அவளை இறக்கிவிட்டால் பிறகு தானும் அதுவும்தானே, திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டுவிடலாம் என்று நினைத்தான். தொடர்ந்து ஓட்டினான்.

பார்க்கிங். பன்னிரண்டு மாடிக் கட்டடம். அவள் அவனைக் கட்டிக்கொண்டு, பாய் அப்பா என்று இறங்கி, வாசலை நோக்கி ஓடினாள். நல்ல குளிர்.

டக்.

பின்சீட் பெல்ட் கழன்று மேலே சுருண்டது. டாஷ்போர்டில் கதவு திறந்த லைட் எரிந்தது. கார் இடப்பக்கம் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது. குளிர் காற்று, ஈரக் கம்பளி மணம். பிறகு பின்கதவு மெல்லச் சாத்துப்பட்டது.

ஜதுர்ஷிகா கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். போனவள் கதவை விடவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒருவர் வந்தால் இந்த ஊரில் எல்லாரும் பிடிக்கிறதுதானே. போதிய நேரம் பிடித்துவிட்டு, விட்டாள்.

ரதீசன் இறங்கி ஓடினான். கதவு பூட்டுப்பட்டுவிட்டது. கண்ணாடியில் அடித்தான். வாசலில் இருந்த வீட்டு நம்பர் பட்டன் எல்லாவற்றையும் அழுத்தினான். உள்ளே, லிப்ட் வெளிச்சத்தில் மகள் தெரிந்தாள். ஒரு மூலைக்கு ஒதுங்கி, மற்றப் பக்கத்தை விட்டுக்கொடுத்து நின்றாள். பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, தன்னைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கிற ஒரு முகத்தைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து, எத்தனையாம் மாடி என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.